பின்சீட்டில் இடதுபுறம்

என் தங்கை ஜஹீரா அழவில்லை என்பதைப் பற்றி எங்கள் தெருவில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. புருஷனைப் பறிகொடுத்தவள் இப்படியா உட்கார்ந்திருப்பாள் என்று சிலர் கேட்டார்கள். அதிர்ச்சிதான், போகப் போகச் சரியாகிவிடும் என்று சிலர் சொன்னார்கள். என் மனைவி சபுரா மட்டும் எதுவும் சொல்லவில்லை. தினமும் தூக்குச் சட்டியில் சோறு கொண்டுபோய் வைப்பாள், அதில் பாதியைத் திரும்பக் கொண்டுவருவாள். எனக்கு அந்தக் கருத்துக்காரர்களைக் கண்டாலே எரிச்சல். பூண்டு வாங்க வந்தால் பூண்டை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே. "தங்கச்சி எப்படி இருக்கு பாய்? அழுதுச்சா?" என்று ஒருவர் கேட்டார். "இன்னும் இல்ல. அழுதா சொல்லி அனுப்புறேன்" என்றேன். அவர் இப்போது வேறு கடையில் பூண்டு வாங்குகிறார்.

என் பெயர் இப்ராம்சா. கொடைக்கானல் பஜாரில் மலைப்பூண்டும் மளிகையும் விற்கிற கடை எனக்கு. ஜஹீரா எனக்கு நேர் இளையவள். எங்களைப் பெற்ற அத்தாவின் உடல்வாகு அப்படியே அவளுக்கு வந்திருந்தது. நல்ல உயரம், அகலமான தோள், பெரிய கைகள். வீட்டிலேயே சாக்லேட் செய்து பஜார் கடைகளுக்குக் கொடுப்பாள். பெரிய சட்டியில் உருக்கி, கட்டி விழாமல் கிண்டி, அச்சில் ஊற்றி, முந்திரி வைத்து, மினுமினுப்புத் தாளில் சுற்றுவது வரை எல்லாம் அவள் ஒருத்திதான். சீசன் நேரத்தில் அவள் வீட்டுக்குள் போனால் சட்டையெல்லாம் அந்த வாசனை ஏறிவிடும். உடம்பைப் பற்றி யாராவது கேலி செய்தால் அவர்களுக்கு முன்னால் அவளே சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்பு தெருமுனை வரை கேட்கும். அவளுக்கு அதெல்லாம் உறைக்காது என்று எல்லோரும் வசதியாக முடிவு கட்டிவிட்டார்கள்.

அவள் புருஷன் ரஷாத் சுற்றுலா வேன் ஓட்டினார். வேன் வேறொருவருடையது. அவருக்கே அவருக்கென்று இருந்தது ஒரு பழைய வெள்ளை அம்பாசடர். லீவு நாளில் அதைக் கழுவுவார், துடைப்பார், கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்ப்பார். நல்ல மனிதர்தான், யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் போனில் எதையாவது பார்த்துவிட்டால் அது தனக்கும் வேண்டும் என்பார். அப்படித்தான் ஒரு நாள் என் கடைக்கு வந்து போனை நீட்டினார். யாரோ ஒருவன் பழைய காருக்குப் பின்னால் மட்டும் அகலமான சக்கரம் மாட்டியிருந்தான்.

"பாருங்க மச்சான், பின்னாலேருந்து பாத்தா வண்டி எப்படி உக்காந்திருக்குன்னு."

"உக்காந்திருக்கது இருக்கட்டும். ஓடுமா?"

"நம்ம ஊரு வளைவுல ரோட்டை விடாது மச்சான். மழையில வழுக்காது."

மதுரைக்குப் போய் இரண்டு அகல டிஸ்க்கும் அதற்கேற்ற டயரும் வாங்கி வந்து மாட்டினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சிக்கல் என்னவென்றால், சக்கரம் அகலமானதால் டயரின் வெளி ஓரம் மட்கார்டு விளிம்புக்கு நேர் கீழே வந்து நின்றது. வண்டி காலியாக இருந்தால் சும்மா சுற்றும். பின்னால் பாரம் ஏறி, வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் விளிம்பு இறங்கி டயரில் உரசும். ரஷாத் வீட்டு வாசலில், சுவரை ஒட்டி எப்போதும் நிறுத்துகிற இடத்திலேயே நிறுத்தி, டயருக்கும் விளிம்புக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். சுவர்ப் பக்கம், அதாவது இடது பக்கம், நாலு விரலும் தாராளமாகப் போயின. வலது பக்கம் ஒரு விரல்தான் போனது. அதனால் வலது பக்க விளிம்பை மட்டும் சுத்தியலால் தட்டி உள்ளே மடக்கினார். வலது பக்கம் வண்டியின் பாரத்தைத் தாங்குகிற கமான் பட்டைகளோடு இன்னொரு பட்டையைச் சேர்த்து அந்தப் பக்கத்தைத் தூக்கியும் விட்டார். இடது பக்கத்தைத் தொடவே இல்லை.

அதன் பிறகு வலது பக்கம் உரசவே இல்லை, இடது பக்கம்தான் உரசியது. அதுவும் ஜஹீரா பின்னால் உட்கார்ந்தால் மட்டும். அந்த வண்டியில் பின்னால் உட்காருகிற ஆளே அவள் ஒருத்திதான். மகள் ரிஃபானாவுக்கு மலைப்பாதையில் வாந்தி வரும் என்பதால் முன்சீட்டு அவளுக்கு என்று சின்ன வயதிலேயே ஆகிவிட்டது. ரிஃபானா நர்சிங் படிக்கத் திண்டுக்கல் போன பிறகு ஜஹீரா எப்போதாவது முன்னால் உட்காருவாள். அப்போது சத்தம் வராது. பழக்கத்தில் பின்னால் இடதுபுறம் போய் உட்கார்ந்தால் வலப்பக்க வளைவிலெல்லாம் ர்ர்ரக் என்று கேட்கும்.

"இடது பக்கம் எடம் தாராளமா கெடக்குதும்மா. நீ ஏறுனாத்தான் ஒரசுது" என்பார் ரஷாத். ஜஹீரா சிரிப்பாள். அவர் இதை வேன் ஸ்டாண்டில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், என் கடையிலும் சொன்னார். எல்லோரும் சிரித்தோம்.

வத்தலக்குண்டில் ஒரு நிக்காஹ். திரும்பி மலையேறும்போது வழியில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார்கள். ரஷாதின் சொந்தக்காரர்கள் இன்னொரு வண்டியில் கூடவே வந்திருக்கிறார்கள். இடது பக்க டயரில் ரப்பர் தீய்ந்த வாடை. அத்தனை பேர் முன்னால் ரஷாத், "ஜஹீரா, நீ பஸ்ஸுல வாயேன். டயராவது பொழைச்சுக்கிடும்" என்றிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். ஜஹீரா அன்று சிரிக்கவில்லை. பின்னால் வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிவிட்டாள். விளையாட்டுக்குச் சொன்னேன், இறங்கு என்று ரஷாத் பஸ் ஜன்னலைத் தட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடினாராம்.

மறுநாள் வெள்ளனே அவர் சமாதானம் பேச அடுப்படிக்குப் போனார். "இனிமே உங்க வண்டியில நான் ஏறமாட்டேங்க" என்று சட்டியைப் பார்த்தபடியே சொன்னாள் ஜஹீரா. "ஏற வைக்கிறேன் பாரு" என்று சிரித்துவிட்டு வெளியே போனார். இடது பக்கத்துக்கும் ஒரு பட்டை சேர்த்துவிட்டால் அவள் பாரத்தைத் தாங்கிவிடும் என்பது அவர் கணக்கு. ஜாக்கி வைத்து இடது சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சுவருக்கும் வண்டிக்கும் இடையே இருந்த சந்தில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். சுத்தியல் சத்தம் அடுப்படிக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. டீ குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்தாளாம். கோபம் வேறு. எட்டிப் பார்க்கவில்லை. பால் ஊற்ற வந்தவர்தான் அந்தச் சந்தில் அவர் கிடப்பதைப் பார்த்துக் கத்தினார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

பள்ளிவாசல் முற்றத்தில் வைத்துத் தொழுது அடக்கம் செய்தோம். ஜஹீரா இத்தா இருந்தாள். கணவன் இறந்தால் குறிப்பிட்ட காலம் வரை மனைவி வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்கிற வழக்கம் அது. வீட்டுக்குள் இருந்தபடியே சாக்லேட் கிண்டினாள், அச்சில் ஊற்றினாள், தாளில் சுற்றினாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். ரிஃபானா வந்து மடியில் படுத்து அழுதபோது அவள் தலையைத் தடவிக்கொண்டே சுவரைப் பார்த்திருந்தாள். ஒரு நாள் நான் போயிருந்தபோது திடீரென்று கேட்டாள்.

"அண்ணே, நான் கனமா இருக்கப் போய்த்தானே அவரு அந்தச் சோலியில எறங்குனாரு?"

"ஏய், பைத்தியமா உனக்கு? அது அல்லாஹ் போட்ட கணக்கு."

"கணக்கு இருக்கட்டும்ணே. பட்டை யாரு கனத்துக்கு?"

எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு எது வந்தாலும் கோபமாகத்தான் வரும். எழுந்து வந்துவிட்டேன்.

வண்டி வாசலில் அப்படியே கிடந்தது. சக்கரம் கழற்றிய இடத்தில் முட்டுக் கொடுத்த கல், மழையில் ஒரு பக்கம் புதைய ஆரம்பித்தது. அட்டுவம்பட்டியில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் சேனாதிபதியைக் கூப்பிட்டேன். ரஷாதின் நண்பன், ஒல்லிக்குச்சி, காற்றடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டும். அவன் சக்கரத்தைத் தூக்கும்போது ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து ஜஹீராவின் குரல் வந்தது.

"அண்ணே, அது ஏன் ஒரசுதுன்னு பாத்துட்டு மாட்டச் சொல்லு."

ரஷாத் சேர்க்க நினைத்த பட்டை சேராமலே கிடந்தது. அவன் பழையபடியே சக்கரத்தை மாட்டினான், ஜாக்கியை இறக்கினான், குனிந்து விரலை விட்டுப் பார்த்தான். "எடது பக்கம் எடம் தாராளமா கெடக்கு பாய். இதுல ஏன் ஒரசணும்? அக்கா ஏறுனாத்தான்னு ரஷாத் அண்ணன் சொல்லும்…" என்றவன் திரையைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். திரை ஆடவில்லை. உள்ளே அச்சைத் தட்டிச் சாக்லேட்டை உதிர்க்கிற சத்தம் மட்டும் கேட்டது.

இத்தா முடிந்து அவள் முதலில் வந்த இடம் என் கடை. எங்கேயாவது போய்வரட்டும், ஆள் முகம் பார்க்கட்டும் என்று சபுராதான் அனுப்பியிருந்தாள். வந்தவள் நேராகப் போய், பூண்டு மூட்டை நிறுக்கிற தராசின் பலகை மேல் ஏறி நின்றாள். கடையில் ஆள் இருந்தார்கள். முள்ளைப் பார்த்தாள். இறங்கினாள். "சரிண்ணே, வாரேன்" என்று போய்விட்டாள். அன்று முழுக்க வாடிக்கையாளர்கள் மேல் எரிந்து விழுந்தேன்.

பிறகு எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்ட வந்தார்கள். வண்டியை எடுத்தாக வேண்டும். வேறு இடம் கிடைக்காததால் அனுமதி கேட்டுப் பள்ளிவாசல் முற்றத்தின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். ரிஃபானா வண்டியை விற்றுவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். விற்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடு என்று சேனாதிபதியை வரச் சொன்னேன். அவன் பழக்கத்தில் பின்சக்கரத்தில் விரலை விட்டான். எழுந்து மறுபக்கம் போனான். மறுபடி இந்தப் பக்கம் வந்தான். முகம் சுருங்கிவிட்டது.

"பாய், யாரும் பட்டையில கை வச்சாங்களா?"

"யார்ரா வைக்கப் போறா?"

"அன்னைக்கு எடது பக்கம் நாலு வெரலு போச்சு. இன்னைக்கு ஒத்த வெரலே முக்குது. வலது பக்கந்தான் தாராளமா கெடக்கு. தலைகீழா மாறிருக்கு பாய்."

எனக்கும் விளங்கவில்லை. அப்போது முற்றத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல் அப்படியே நின்றது. துடைப்பத்தால் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தார் பள்ளிவாசல் ஆள். வரிசை பிசகாமல் நின்று தொழுவதற்காக மட்டம் பார்த்துப் போட்ட தரை அது. அந்தத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு தலையில் அடித்துக்கொண்டேன்.

எங்கள் தெரு சரிவு. வீட்டுச் சுவர்ப் பக்கம் மேடு, எதிர்ப் பக்கம் பள்ளம். அங்கே நிறுத்தினால் வண்டியின் உடம்பு பள்ளத்துப் பக்கம், அதாவது வலது பக்கம், சாய்ந்து நிற்கும். வலது விளிம்பு இறங்கி டயரை நெருங்கும், இடது விளிம்பு மேலே போகும். ரஷாத் பார்த்த நாலு விரல் இடைவெளி தெருவின் சரிவு காட்டியது. உள்ளபடி இரண்டு பக்கமும் ஒரே அளவுதான். அவர் வலது பக்கத்தை மட்டும் மடக்கி, பட்டை வைத்துத் தூக்கியும் விட்டதால் வண்டி நிரந்தரமாக இடது பக்கம் சாய்ந்துவிட்டது. இடது பின்சீட்டில் யார் உட்கார்ந்தாலும், வளைவில் அது உரசத்தான் செய்யும்.

வெளியூர்க்காரன் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். இங்கேயே பிறந்து வளர்ந்தவன் கண்ணுக்குச் சரிவு படாது. எங்கள் தெருவில் ஒரு பக்கக் காலுக்குச் செங்கல் வைக்காத கட்டிலே கிடையாது. ரஷாத் வீட்டுக் கட்டிலுக்கும் செங்கல் உண்டு, அவரே வைத்ததுதான். கட்டிலுக்குச் செங்கல் வைக்கத் தெரிந்த மனிதர், காரையும் ஒரு தடவை மட்டமான இடத்தில் நிறுத்திப் பார்த்திருக்கக் கூடாதா? வெள்ளிக்கிழமைதோறும் இந்த முற்றத்துக்கு வந்தார். வண்டியை மட்டும் வெளியே ரோட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. அவரைக் கிடத்தித் தொழுத இடம் வண்டிக்குப் பக்கத்தில்தான் ஈரமாகக் கிடந்தது.

நேரே ஜஹீராவிடம் போய்ச் சொன்னேன். சாக்லேட் சுற்றிக்கொண்டே கேட்டாள். நான் ஒரு தட்டைச் சாய்த்துப் பிடித்தெல்லாம் காட்டினேன். முடித்ததும், "என் மனசு ஆறட்டும்னு சொல்ற" என்றாள்.

"உன் மனசை ஆத்துறதுக்கு எனக்கு இவ்வளவு கதை கட்டத் தெரியுமா? சேனாதிபதியைக் கேளு."

"நீ சொல்லச் சொன்னா அவன் சொல்லுவான்."

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

தாளை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "சேனாதிபதியை நான் உக்காருற எடத்துல உக்காரச் சொல்லு. அவன் எலும்புதான. நான் முன்னால இருக்கேன். நீ ஓட்டு. ஒரசுதான்னு பாப்போம்" என்றாள். ரஷாத் போன பிறகு அவள் வாயிலிருந்து வந்த நீளமான பேச்சு அதுதான்.

"எடது விளிம்பையும் மடக்கிட்டுப் போயிரலாம்க்கா, அரை மணி நேர வேலை" என்றான் சேனாதிபதி. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. எப்படி இருக்கிறதோ அப்படியே ஓட வேண்டும் என்றாள். ஒரு வேளை உரசாமல் போய்விட்டால்? சரிவு, மட்டம் என்று நான் பேசியதெல்லாம் பேச்சு. அவன் உட்கார்ந்து சத்தம் வராமல் போனால், இவளைப் பிறகு யாராலும் மீட்க முடியாது. பேசாமல் விளிம்பை மடக்கச் சொல்லி இந்தச் சோதனையையே தவிர்த்திருக்கலாம் என்று சாவியைப் போடும்போதுகூட நினைத்தேன்.

பெருமாள்மலை தாண்டி, பேத்துப்பாறை போகிற ரோட்டில் இறங்கினேன். பூண்டு எடுக்க மாதம் நாலு தடவை போகிற ரோடு, ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும். ஜஹீரா என் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேனாதிபதி பின்னால் இடதுபுறம், பரீட்சை எழுத வந்தவன் போல விறைத்து உட்கார்ந்திருந்தான். முதல் வளைவு இடப்பக்கம். ஒன்றும் இல்லை. அடுத்ததும் அப்படியே. பிறகு கொஞ்சம் நேர் ரோடு. எதிரில் கேரட் ஏற்றிய வண்டி ஒன்று வந்தது, ஒதுங்கி வழி விட்டேன்.

அதற்கப்புறம் வலப்பக்கம் பெரிய வளைவு. வேகத்தைக் குறைக்காமல் திருப்பினேன். வண்டி இடது பக்கம் சாய்ந்தது.

ர்ர்ரக்.

அதே சத்தம். நான் எத்தனையோ தடவை கேட்டுச் சிரித்த சத்தம். ரப்பர் தீய்ந்த வாடை மெல்ல உள்ளே வந்தது. ஜஹீரா சட்டென்று நிமிர்ந்தாள். முகம் மலர்ந்து, பழையபடி வாய் நிறையச் சிரிப்பு வந்தது. ரோட்டைப் பார்த்தபடியே கையை நீட்டி டிரைவர் சீட்டில் இருந்த ஆளின் தோளில் பட்டென்று ஒரு அடி வைத்தாள்.

"ஏங்க, கேட்டீங்களா? நான் இல்லங்க! நான் பின்னாலயே இல்ல பாருங்க!"

சொல்லிக்கொண்டே திரும்பினாள். அங்கே நான் இருந்தேன்.

கை என் தோளிலேயே இருந்தது. என்னைப் பார்த்தாள். சிரிப்பு இன்னும் முழுசாக மறையவில்லை, அதற்குள் அழுகை வந்துவிட்டது. அவள் சிரிப்பு எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரிய அழுகை. கைப்பை மடியிலிருந்து கீழே விழுந்தது. முகத்தைக்கூட மூடிக்கொள்ளவில்லை. சின்ன வயதில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்து நிற்பாளே, அதே மாதிரி வாயைத் திறந்து அழுதாள். "சொல்றதுக்கு அவரு இல்லையேண்ணே, நான் இல்லன்னு சொல்றதுக்கு அவரு இல்லையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"பாய், ஓரங்கட்டுங்க" என்றான் சேனாதிபதி பின்னாலிருந்து. அவனும் அழுதுகொண்டிருந்தான்.

நான் ஓரங்கட்டவில்லை. நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது. பேத்துப்பாறை வரை ஓட்டினேன். வலப்பக்க வளைவு வந்தபோதெல்லாம் டயர் உரசியது.